பிறர் உதட்டில் ஒலித்த கார்னெட்: கிங் ஆலிவரின் கதை

அமெரிக்க ஜாஸ் இசைக்கலைஞர் கிங் ஆலிவர் 1923இல் பதிவுசெய்த இசைத்தட்டுகளை முதன்முறை கேட்கிறவர்களுக்குப் பெரும்பாலும் ஏமாற்றம்தான் மிஞ்சும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. தகர டப்பாவுக்குள் ஏழு பேரை அடைத்து ஒரே நேரத்தில் வாசிக்கச் சொன்னதுபோல ஓர் இரைச்சல். யார் எதை வாசிக்கிறார் என்று பிரித்தறிய முடியவில்லை. ஜாஸுக்கே அஸ்திவாரம் என்று எல்லாரும் சொல்வது இதைத்தானா என்று பாதியில் நிறுத்திவிட்டேன். பல மாதம் கழித்து ஒரு ராத்திரி ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, மற்றதெல்லாம் எப்படியோ போகட்டும், இரண்டு கார்னெட்டுகளை மட்டும் பின்தொடர்வோம் என்று கேட்டேன். அப்போதுதான் கதவு திறந்தது.

கார்னெட் என்பது ட்ரம்பெட்டின் தம்பி மாதிரி. கொஞ்சம் குட்டை, குழல் கொஞ்சம் உருண்டை, ஒலியும் அதே அளவுக்கு மென்மை. அந்தத் தட்டுகளில் முன்னால் போகும் கார்னெட் கிங் ஆலிவர் என்கிற ஜோ ஆலிவருடையது. அதற்குச் சற்றுக் கீழே ஒட்டிக்கொண்டே வருவது அவருடைய சீடர், பின்னாளில் ஜாஸின் பெரிய நட்சத்திரமான லூயி ஆம்ஸ்ட்ராங்குடையது. ஆம்ஸ்ட்ராங்குக்கு அப்போது 21 வயது. உலகத்துக்கு அவரை யாரென்றே தெரியாது.

ஆலிவரைப் பற்றிப் பேச்சு வந்தாலே, 'ஆம்ஸ்ட்ராங்கின் குரு' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது உண்மைதான். ஆனால் அந்த ஒரு வரி அவருக்குச் செய்யும் அநியாயம் பெரியது. தனியாக முன்னால் வந்து கைதட்டல் வாங்குவதில் அவருக்கு அவ்வளவு நாட்டமில்லை. ஏழு பேர் ஒரே மூச்சில் பேசவேண்டும், யாரும் யாரையும் மிதிக்கக் கூடாது என்பதுதான் அவர் பிடித்துக்கொண்ட கலை. அப்படி உள்ளேயிருந்து இழுத்துக்கொண்டு போகிற தலைவரைப் பதிவுக் கருவியால் சரியாகப் பிடிக்க முடியவில்லை. அவரிடமிருந்து எடுத்துக்கொண்டவர்களின் வாசிப்பில்தான் அவர் தெளிவாகக் கேட்கிறார்.

ஆலிவர் பிறந்தது 1880களில், அமெரிக்காவின் தெற்கே லூசியானா மாநிலத்தில். வளர்ந்தது நியூ ஆர்லியன்ஸ் நகரில். சிறு வயதிலேயே ஒரு கண் பழுதுபட்டுவிட்டது. பின்னாளில் மேடையில் தொப்பியை அந்தக் கண் மேல் சாய்த்துவைத்துக்கொண்டு வாசிப்பது அவருடைய அடையாளமாகவே ஆனது. பகலில் வசதியானவர்களின் வீட்டில் பட்லர் வேலை. மாலையானால் கார்னெட்.

அந்த ஊரில் இசை மேடைக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. ஊர்வலம், விருந்து, விளம்பர வண்டி, சாவு என்று எல்லாவற்றுக்கும் பித்தளை வாத்தியக் குழு வேண்டும். சங்கத்தில் சந்தா கட்டிய ஒருவர் இறந்தால் அவரைக் கல்லறைக்குக் கொண்டுபோகும்போது மெதுவாக, நெஞ்சைப் பிசையும்படி வாசிப்பார்கள். அடக்கம் முடிந்து திரும்பும் வழியில் அதே குழு வேகமான மெட்டை எடுக்கும், பின்னால் ஒரு தெருவே ஆடிக்கொண்டு வரும். ஆலிவர் இந்தக் குழுக்களில் வாசித்துத்தான் தேறினார். மானுவல் பெரஸ் நடத்திய ஆன்வர்ட் பிராஸ் பேண்ட் அவற்றில் பேர்பெற்றது. திறந்தவெளியில், நடந்துகொண்டே, மணிக்கணக்கில் ஊதவேண்டும். உதட்டுக்கும் மூச்சுக்கும் அதைவிடக் கடுமையான பள்ளிக்கூடம் கிடையாது.

'கிங்' என்ற பட்டம் கார்னெட்காரர்களுக்கு நியூ ஆர்லியன்ஸ் மக்கள் கொடுத்தது. முதலில் அது பட்டி போல்டனுக்குச் சொந்தமாக இருந்தது. ஜாஸின் தொடக்கத்தைத் தேடிப் போகிறவர்கள் எல்லாரும் கடைசியில் வந்து நிற்கும் பெயர் அவருடையது. ஒரு பதிவுகூட மிஞ்சவில்லை. 1907இல் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 1931இல் அங்கேயே இறந்துபோனார். அவருக்குப் பின் ஃபிரெடி கெப்பார்டைச் சொன்னார்கள். அப்புறம் ஆலிவர். ஒரு நாள் இரவு அவர் வாசித்துக்கொண்டிருந்த விடுதியிலிருந்து நேராகத் தெருவுக்கு இறங்கி, எதிராளிகள் வாசிக்கும் பக்கமாகக் கார்னெட்டைத் திருப்பி ஊத ஆரம்பித்ததாகவும், அங்கே இருந்த கூட்டமெல்லாம் இவர் பின்னால் வந்துவிட்டதாகவும் ஒரு கதை அந்த ஊரில் சொல்லப்பட்டது. கதை எப்படியோ போகட்டும், பட்டம் நிலைத்தது. டிராம்போன் கலைஞர் கிட் ஓரியின் குழுவில் அவர் சேர்ந்தபோது 'கிங்' என்றே விளம்பரம் செய்தார்கள்.

தெருவில் ஆலிவர் வாசித்துக்கொண்டு போகும்போது கூடவே ஒரு பையன் நடப்பான். இடைவெளி விழும்போது கார்னெட்டை வாங்கிச் சுமப்பான். அதுதான் லூயி. அப்பா ஒழுங்காக இல்லாத பையன், சீர்திருத்தப் பள்ளியில் இருந்து வந்தவன். ஆலிவரின் மனைவி ஸ்டெல்லாவுக்குக் கடைக்குப் போய்வருவான். கூலி காசாக வராது, பாடமாக வரும். ஸ்டெல்லா சாப்பாடும் போடுவார். ஆலிவர் தன்னுடைய பழைய கார்னெட் ஒன்றைப் பையனுக்குக் கொடுத்தார். ஆம்ஸ்ட்ராங் கடைசிவரை அவரை 'பாப்பா ஜோ' என்றுதான் சொல்லிவந்தார். பின்னால் நடந்த எதுவும் அந்த அழைப்பை மாற்றவில்லை.

1917 நவம்பரில் கடற்படையின் வற்புறுத்தலால் நியூ ஆர்லியன்ஸின் ஸ்டோரிவில் கேளிக்கைப் பகுதி மூடப்பட்டது. அதனால்தான் இசைக்கலைஞர்கள் எல்லாரும் வடக்கே கிளம்பினார்கள் என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் தெரிகிறது. அந்த வருடங்களில் தெற்கிலிருந்து கருப்பின மக்கள் லட்சக்கணக்கில் ரயிலேறி வடக்கே போய்க்கொண்டிருந்தார்கள். போர்க்காலத்தில் அங்கே ஆலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. தெற்கிலோ பருத்திக்காட்டுக் கடனும் ஒதுக்கல் சட்டங்களும் மரத்தில் கட்டித் தூக்கிலிடும் கும்பல்களும். சிகாகோவில் 1910இல் சுமார் 44,000ஆக இருந்த கருப்பின மக்கள்தொகை 1920இல் 1,09,000ஐத் தாண்டியது. இறைச்சிக் கூடங்களிலும் இரும்பாலைகளிலும் வாரக்கூலி வாங்கிய அந்த மக்களுக்குச் சனிக்கிழமை இரவு ஊர் ஞாபகம் வேண்டியிருந்தது. ஜனம் எங்கே போனதோ அங்கே இசையும் போனது. 1918 வாக்கில் ஆலிவரும் சிகாகோ வந்து சேர்ந்தார். கிட் ஓரியின் குழுவில் அவர் விட்டுவந்த இடம் ஆம்ஸ்ட்ராங்குக்குப் போனது.

சிகாகோ சொர்க்கமாக இருந்துவிடவில்லை. 1919 கோடையில் வெடித்த இனக் கலவரத்தில் 38 பேர் இறந்தார்கள். ஆனால் தெற்குப் பகுதியில், கருப்பின மக்கள் வாழ்ந்த தெருக்களில், இரவு விடுதிகளும் நடன அரங்குகளும் நிறைந்து வழிந்தன. ஆலிவர் அங்கே இரண்டு இடங்களில் ஒரே இரவில் வாசித்த காலமும் உண்டு. 1921இல் கலிபோர்னியா பக்கம் போய் வாசித்துவிட்டு, 1922இல் திரும்பி வந்து லிங்கன் கார்டன்ஸ் என்ற பெரிய நடன அரங்கில் தன் குழுவை நிறுத்தினார். குழுவின் பெயர் க்ரியோல் ஜாஸ் பேண்ட்.

அப்போதுதான் அவர் ஒரு விசித்திரமான முடிவெடுத்தார். குழுவில் கார்னெட் வாசிக்க அவரே இருந்தார். அவர்தான் ராஜா. ஆனாலும் நியூ ஆர்லியன்ஸுக்குத் தந்தி கொடுத்து இன்னொரு கார்னெட்காரரைக் கூப்பிட்டார். 1922 ஆகஸ்ட் மாதம் ஆம்ஸ்ட்ராங் ரயிலேறினார். வடக்கே குளிரும் என்று அம்மா அந்த வெயிலிலும் நீளமான உள்ளாடை போட்டுவிட்டு, வழிக்கு மீன் வைத்த ரொட்டியும் கட்டிக்கொடுத்தார். ரயிலில் கருப்பினத்தவர்களுக்குச் சாப்பாட்டுப் பெட்டியில் இடமில்லாத காலம் அது. சிகாகோவில் இறங்கி லிங்கன் கார்டன்ஸ் வாசலுக்கு வந்தவர் உள்ளே ஒலித்த குழுவைக் கேட்டதும் தயங்கிப்போய் வெளியிலேயே நின்றுவிட்டார். இவர்களோடு உட்கார்ந்து வாசிக்கும் அளவுக்கு நாம் தேறிவிட்டோமா என்ற பயம்.

சரி, உள்ளே அப்படி என்ன நடந்தது? ஆலிவர் மெட்டைப் பிடித்துக்கொண்டு நடுவில் போவார். அலங்காரம் அதிகம் செய்யமாட்டார். மெட்டு தெளிவாக இருந்தால்தான் மற்றவர்கள் அதைச் சுற்றி வரமுடியும். ஜானி டாட்ஸின் கிளாரினெட் அதற்கு மேலே கொடிபோலச் சுற்றும். ஹானரே டியூட்ரேயின் டிராம்போன் கீழே இழுத்துப் பிடிக்கும். பியானோவில் லில் ஹார்டின், பேஸிலும் பான்ஜோவிலும் பில் ஜான்சன், டிரம்ஸில் ஜானியின் தம்பி பேபி டாட்ஸ். எழுதிய தாளைப் பார்த்து வாசிக்கிற வழக்கம் நியூ ஆர்லியன்ஸ்காரர்களுக்கு அவ்வளவாக இல்லை. முறையாக பியானோ படித்தவரான லில் முதன்முதலில் அவர்களோடு வாசிக்க உட்கார்ந்தபோது எந்தச் சுருதி என்று கேட்டாராம். அதெல்லாம் தெரியாது, இரண்டு தட்டுத் தட்டுவோம், கேட்டதும் ஆரம்பித்துவிடு என்றார்களாம். இப்படி எல்லாரும் ஒரே சமயத்தில் மனோதர்மமாக வாசிப்பதைத்தான் கூட்டு மனோதர்மம் என்று சொல்லவேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு தளம் உண்டு. அதை விட்டு அடுத்தவர் தளத்துக்குள் போனால் குழம்பிவிடும். அந்த எல்லைகளைக் காப்பதுதான் ஆலிவரின் வேலை.

ஜாஸில் 'பிரேக்' என்று ஒன்று உண்டு. இரண்டு தாளவட்டத்துக்கு மற்ற எல்லாரும் சட்டென்று நிறுத்திவிடுவார்கள், ஒருவர் மட்டும் அந்த வெற்றிடத்தை நிரப்பிவிட்டுத் திரும்ப வந்து சேரவேண்டும். லிங்கன் கார்டன்ஸில் அந்த இடத்தில் இரண்டு கார்னெட்டுகள் ஒன்றாகப் பாய்ந்தன. முன்கூட்டியே எழுதிவைத்ததுபோல, இணைசுரத்தில், ஒரு நூல் பிசகாமல். கேட்க வந்த இசைக்கலைஞர்கள் வாயடைத்துப் போனார்கள். எடி காண்டன் போல பின்னாளில் பேரெடுத்த வெள்ளையின இளைஞர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். ரகசியம் இதுதான்: பிரேக் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், மற்றவர்கள் எல்லாரும் வாசித்துக்கொண்டிருக்கும்போதே, ஆலிவர் தான் எதை வாசிக்கப் போகிறாரோ அதை மெட்டுக்கு நடுவே லேசாகக் கோடிகாட்டுவார். சில சமயம் விரல்களை அசைத்துக் காட்டுவார். ஆம்ஸ்ட்ராங்கின் காது அதைப் பிடித்து, அதற்கு இணைக்குரலை அந்தக் கணமே மனதில் கட்டிவிடும். அறை முழுக்கச் சத்தம், நூற்றுக்கணக்கானவர்கள் ஆடுகிறார்கள், அதற்கு நடுவே இரண்டு பேருக்கு மட்டும் புரிகிற பேச்சு. தெருவில் கார்னெட் சுமந்த காலத்திலிருந்து வந்த பழக்கம் அது.

1923 ஏப்ரல் 5, 6 தேதிகளில் இந்தக் குழு இண்டியானா மாநிலத்தின் ரிச்மண்ட் ஊருக்குப் போய், ஜெனட் நிறுவனத்துக்காக வாசித்தது. வெளிவந்த இசைத்தட்டுப் பக்கங்கள் 9, பக்கத்துக்கு ஒரு பாட்டு. ஜாஸ் என்ற பெயரில் முதல் இசைத்தட்டு 1917இலேயே வந்துவிட்டது, ஆனால் அதை வாசித்தது வெள்ளையினக் குழு. இந்த இசையை உருவாக்கிய நியூ ஆர்லியன்ஸின் கருப்பினக் கலைஞர்கள் நல்ல எண்ணிக்கையில் இசைத்தட்டுகளில் பதிவானது ஆலிவரின் குழுவிலிருந்துதான். அந்த ஒரே ஆண்டில் ஜெனட், ஓகே, கொலம்பியா, பாரமவுண்ட் என்று நான்கு நிறுவனங்களுக்காக முப்பதுக்கும் மேற்பட்ட பக்கங்கள் பதிவாயின.

ஜெனட்டின் பதிவறை ஒரு பியானோ தொழிற்சாலைக்குப் பக்கத்தில், ரயில் தண்டவாளத்தை ஒட்டி இருந்தது. ரயில் வந்தால் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருக்கவேண்டும். மைக் இல்லாத காலம். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய கூம்பை நோக்கி எல்லாரும் வாசிக்க, அந்த அதிர்வு ஓர் ஊசியை ஆட்ட, ஊசி மெழுகுத் தட்டில் கோடு கீறும். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்போல. டிரம்ஸை முழுசாக அடித்தால் ஊசி துள்ளிவிடும், ஆகவே பேபி டாட்ஸ் மரக்கட்டைகளைத் தட்டி ஒப்பேற்றினார். பேஸ் ஒலி பதியாது, பில் ஜான்சன் பான்ஜோவை எடுத்துக்கொண்டார். ஆக, லிங்கன் கார்டன்ஸில் ஆடியவர்களின் காலை அசைத்த அடித்தளம் இந்தத் தட்டுகளில் இல்லவே இல்லை. எனக்கு முதலில் கேட்ட தகர டப்பாச் சத்தத்துக்குக் காரணம் அதுதான். அந்த ஒன்பது பக்கங்களையும் கேட்கிறவர்கள் அடியில் ஒரு டிரம்ஸையும் பேஸையும் மனதில் போட்டுக்கொண்டு கேட்கவேண்டும்.

இன்னொரு சிக்கலும் வந்தது. இரண்டு கார்னெட்டுகளும் கூம்புக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஆம்ஸ்ட்ராங்கின் ஒலி ஆலிவரை மூழ்கடித்தது. கடைசியில் ஆம்ஸ்ட்ராங்கைப் பத்துப் பதினைந்து அடி தள்ளி, மூலையில் நிற்கவைத்தார்கள். அவர் முகம் வாடிப்போய் அங்கே நின்றதை லில் ஹார்டின் பின்னால் நினைவுகூர்ந்திருக்கிறார். இவர் இவ்வளவு தள்ளி நின்றால்தான் ஆலிவர் கேட்கிறார் என்றால் இவர்தானே பெரிய கலைஞர் என்று அன்றைக்குத்தான் தனக்கு உறைத்தது என்றும் அவர் சொன்னார். அதே நாட்களில் பதிவான 'சைம்ஸ் புளூஸ்' தட்டில் ஆம்ஸ்ட்ராங்கின் முதல் தனி வாசிப்பு இருக்கிறது.

அந்த ஊரைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அந்த வருடங்களில் இண்டியானா மாநிலத்தில் கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளையின வெறிக் கும்பல் பலமாக இருந்தது. க்ளானின் பாட்டுகளையும் காசு வாங்கிக்கொண்டு தட்டில் அடித்துக்கொடுத்தது இதே ஜெனட் நிறுவனம்தான். கருப்பினக் கலைஞர்கள் ஏழு பேர் தங்கள் இசையைக் கொண்டுபோய் நின்றது அப்படியொரு கூரைக்குக் கீழே.

ஏப்ரல் 6ஆம் தேதி பதிவான 'டிப்பர்மவுத் புளூஸ்' தட்டை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆலிவரின் கலையை அறிய அது ஒன்றே போதும். கருப்பின மக்களின் சோகப் பாட்டிலிருந்து வந்த, 12 தாளவட்டம் கொண்ட புளூஸ் வடிவம். நடுவில் ஆலிவர் மூன்று சுற்று, அதாவது 36 தாளவட்டம், முன்னால் வந்து வாசிக்கிறார். வலது கை விரல்கள் வால்வுகளில், இடது கை கார்னெட்டின் விரிந்த முன்பகுதியை மூடித் திறக்கிறது. மூடினால் முனகல், திறந்தால் அழுகை. 'வா-வா' என்று ஒரு குழந்தை பேச முயல்வதுபோல இருக்கும். கையில் கிடைத்த கோப்பை, பாட்டில், தொப்பி, கழிவறை அடைப்பெடுக்கும் ரப்பர் மூடி எல்லாவற்றையும் இப்படி மூடிபோட்டு வாசிக்க அவர் பழகியிருந்தார். வாசிக்கும் சுரங்கள் மிகக் கொஞ்சம். சாகசம் எதுவும் இல்லை. ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார், அதுவும் மேற்கத்திய இசையின் மேஜர், மைனர் என்ற இரண்டு சுர வரிசைகளுக்கு நடுவே ஊசலாடுகிற அந்த மூன்றாம் சுரத்தை விடாமல் நெருடுகிறார். ஒவ்வொரு சுற்றிலும் பிடி கொஞ்சம் இறுகுகிறது. மூன்றாவது சுற்றின் முடிவில் மொத்தக் குழுவும் நிற்கவேண்டிய பிரேக்கில் ஒரு மனிதக்குரல் கேட்கிறது: அதை வாசி என்று ஒரு கூச்சல். டிரம்ஸ் வரவேண்டிய இடத்தைத் தான் மறந்துவிட்டதாகவும், பில் ஜான்சன் சட்டென்று கத்தி அந்த ஓட்டையை அடைத்ததாகவும் பேபி டாட்ஸ் சொல்லியிருக்கிறார். தவறிப்போய் விழுந்த அந்தக் கூச்சல், பின்னால் அந்தப் பாட்டை வாசித்த எல்லாருக்கும் பாட்டின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது.

குழு உடைந்தது பணத்தால். இசைத்தட்டுப் பணத்தில் தங்களுக்கு வரவேண்டியது முழுசாக வரவில்லை என்று டாட்ஸ் சகோதரர்களுக்குச் சந்தேகம். நிறுவனம் அனுப்பிய காசோலைகளைக் காட்டச் சொன்னார்கள். ஆலிவர் காட்ட மறுத்துவிட்டார். அவர் செய்தது சரியென்று நான் வாதாட வரவில்லை. பழைய குழுவில் பெரும்பாலானவர்கள் போய்விட்டார்கள், ஆம்ஸ்ட்ராங் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் இருந்தார். 1924 பிப்ரவரியில் அவரும் லில்லும் கல்யாணம் செய்துகொண்டார்கள். நீ ஏன் இரண்டாம் கார்னெட்டாகவே இருக்கவேண்டும் என்று லில் விடாமல் கேட்டார். அதே வருடம் ஆம்ஸ்ட்ராங் குழுவை விட்டு விலகி, நியூயார்க்கில் ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் குழுவில் சேர்ந்தார். லூயி என்னைவிட நன்றாக வாசிக்கிறான், ஆனால் என்கூட இருக்கும்வரை என்னைத் தாண்டிப் போகமுடியாது என்று ஆலிவர் தன்னிடம் ஒருமுறை சொன்னதாக லில் சொன்னார். இதை வைத்து ஆலிவரைப் பொறாமைக்காரர் என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. என் கணிப்பு வேறு. அவனுக்குத் தந்தி கொடுத்ததே இவர்தான். தன்னைவிடப் பெரியவன் என்று தெரிந்தே கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். வளர்த்த பிள்ளை மீது வைத்த பாசமும், அதே பிள்ளையால் தன் இடம் போய்விடுமோ என்ற பயமும் ஒரே மனதில் இருக்கக்கூடியவைதான்.

நியூயார்க்குக்குப் போகும்போது ஆம்ஸ்ட்ராங் ஆலிவரோடு வாசித்த பாட்டுகள் எழுதிய சிறு நோட்டு ஒன்றைக் கொண்டுபோனார். அதிலிருந்து அந்தக் குழுவுக்குப் பாட்டுகளை வாத்தியவாரியாகப் பிரித்து எழுதிக்கொடுத்த டான் ரெட்மன் எடுத்துக்கொண்டது டிப்பர்மவுத் புளூஸ். 1925இல் அது 'ஷுகர் ஃபுட் ஸ்டாம்ப்' என்ற பெயரில் ஹெண்டர்சன் குழுவின் தட்டாக வந்தது. நடுவில் ஆம்ஸ்ட்ராங் தன் குருவின் அந்த மூன்று சுற்றை ஒட்டியே வாசிக்கிறார். கூச்சல்கூட இருக்கிறது. பிறகு 1930களின் ஸ்விங் என்ற நடன ஜாஸ் காலத்துப் பெரிய குழுக்களில் அந்தப் பாட்டு போன இடமெல்லாம் அந்த 36 தாளவட்டமும் கூடவே போனது. மனோதர்மமாகப் பிறந்த ஒன்றை யாரும் மாற்றத் துணியவில்லை, மனப்பாடம் செய்தார்கள்.

வா-வா ஒலி இன்னொரு வழியாகப் போனது. 1920களின் தொடக்கத்தில் பப்பர் மைலி என்ற இளம் ட்ரம்பெட் கலைஞர் ஒரு பாடகியின் குழுவோடு சிகாகோ வந்தபோது ஆலிவரைக் கேட்டார். இரவுக்கு இரவு போய் உட்கார்ந்தார். ஊருக்குத் திரும்பி, ரப்பர் மூடியை வைத்து அந்த அழுகையை உறுமலாக மாற்றிக்கொண்டார். அவர் சேர்ந்த குழு, பின்னாளில் ஜாஸின் பெரும் இசையமைப்பாளரான டியூக் எலிங்டனுடையது. நாகரிகமாக வாசித்துவந்த எலிங்டன் குழுவுக்கு அதன் தனிக்குரல் மைலியிடமிருந்துதான் வந்தது.

இந்த இடத்தில்தான் ஆலிவரின் வாழ்க்கை திரும்பியது. 1924 கிறிஸ்துமஸ் சமயத்தில் லிங்கன் கார்டன்ஸ் தீப்பிடித்தது. அடுத்த வருடம் சாக்ஸஃபோன்கள் சேர்த்த பெரிய குழு ஒன்றை, டிக்ஸி சிங்கோப்பேட்டர்ஸ் என்ற பெயரில், பிளான்டேஷன் கஃபேயில் நிறுத்தினார். தட்டுகள் நன்றாக விற்றன. 1927இல் அந்த இடமும் போயிற்று. குழுவோடு நியூயார்க் வந்து, சவாய் நடன அரங்கில் கொஞ்ச நாள் வாசித்தார். அந்த வருடம் நியூயார்க்கின் கருப்பினப் பகுதியான ஹார்லெமில் இருந்த காட்டன் கிளப்பிலிருந்து அழைப்பு வந்தது. கொடுக்கிற பணம் தன் ஆட்களுக்குக் கட்டுப்படியாகாது என்று மறுத்துவிட்டார். வாய்ப்பு எலிங்டனுக்குப் போனது. டிசம்பர் மாதம் அவர் அங்கே வாசிக்க ஆரம்பித்தார். அந்த மேடையிலிருந்து போன வானொலி ஒலிபரப்பு எலிங்டனை நாடு முழுக்க அறியவைத்தது. வானொலிப் பெட்டியில் ஜனங்கள் கேட்டு வியந்த அந்த ட்ரம்பெட்டின் உறுமல் ஆலிவரின் கோப்பைக்குள்ளிருந்து கிளம்பியது. காசுக் கணக்குப் பார்த்து ஒரு தலைவர் சொன்ன 'வேண்டாம்' என்ற ஒரு சொல்லுக்கு இவ்வளவு விலை இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

1928 ஜூன் 11இல் ஆலிவர் தான் இயற்றிய 'வெஸ்ட் எண்ட் புளூஸ்' பாட்டைப் பதிவுசெய்தார். நியூ ஆர்லியன்ஸின் ஏரிக்கரையோர உல்லாசப் பகுதியின் பெயர் அது. 17 நாள் கழித்து, ஜூன் 28இல், ஆம்ஸ்ட்ராங் சிகாகோவில் அதே பாட்டைப் பதிவுசெய்தார். தொடக்கத்தில் துணை எதுவும் இல்லாமல் தனியாக அவர் ஏறி இறங்கும் அந்தச் சில நொடிகள் ஜாஸின் போக்கையே மாற்றிவிட்டன என்று சொல்வார்கள். நானும் அதை நம்புகிறேன். ஜாஸ் அதற்குப் பிறகு தனி ஆளின் கலையாகிவிட்டது. ஆலிவர் கட்டிக்காத்த கூட்டு வாசிப்பின் காலம், அவருடைய மெட்டின் மேலேயே, அவருடைய பிள்ளையின் கையாலேயே முடிவுக்கு வந்தது. இரண்டையும் அடுத்தடுத்து கேட்டால் ஆலிவரின் பதிவு சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் மெட்டு இரண்டிலும் அவருடையது.

அதற்குள் அவர் வாயே அவரைக் கைவிட ஆரம்பித்திருந்தது. கார்னெட் ஊதுகிறவரின் உதட்டை ஊதுவாய் பல்லோடு அழுத்திப் பிடிக்கிறது. பல் உறுதியாக இருந்தால்தான் ஒலி நிற்கும். ஆலிவருக்கு ஈறு நோய். சர்க்கரை என்றால் உயிர், ரொட்டிக்கு நடுவில் சர்க்கரையைக் கொட்டிச் சாப்பிடுவார் என்று கூட இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பற்கள் ஆட ஆட வலி கூடியது. 1929, 1930இல் விக்டர் நிறுவனத்துக்காக அவர் பெயரில் வந்த தட்டுகள் பலவற்றில் தனி வாசிப்பை அவருடைய உறவுக்காரப் பையன் டேவ் நெல்சனும் மற்றவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். தட்டின் மேல் ஆலிவர் பெயர், உள்ளே வேறொருவர் மூச்சு.

பொருளாதாரப் பெருமந்தத்தில் சிகாகோவில் வங்கி முறிந்து சேமிப்பு போனது. அதன் பிறகு ஆறேழு வருடம் தெற்கு மாநிலங்களில் பேருந்தில் ஊர் ஊராகச் சுற்றினார். பேருந்து நடுவழியில் நிற்கும். ஒத்துக்கொண்ட நிகழ்ச்சி போய்ச் சேர்ந்ததும் ரத்தாகும். சில இடங்களில் காசு கைக்கு வராது. வெள்ளையர் விடுதிகளில் தங்கமுடியாது. வாசிக்கிறவர்கள் ஒருவர் ஒருவராகக் கழன்றார்கள், புதிய பையன்கள் வந்தார்கள். அப்படி வந்துபோனவர்களில் ஒருவர் பின்னாளில் பெரும்பேர் பெற்ற சாக்ஸஃபோன் கலைஞர் லெஸ்டர் யங். பல்லெல்லாம் போனபின் ஆலிவர் முன்னால் நின்று குழுவை நடத்த மட்டும் செய்தார்.

1937இல் ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரில் அவர் பயணம் நின்றது. ஆம்ஸ்ட்ராங் தன் பெரிய குழுவோடு அங்கே வாசிக்கப் போனபோது, தெருவோரத்தில் காய்கறி விற்றுக்கொண்டிருந்தார் பாப்பா ஜோ. குழுவில் லூயிஸ் ரஸ்ஸல், பால் பார்பரின், ஆல்பர்ட் நிக்கலஸ் என்று முன்பு ஆலிவரிடமே வாசித்தவர்கள் இருந்தார்கள். ஆம்ஸ்ட்ராங் தன்னிடம் இருந்த 150 டாலரை அப்படியே கொடுத்தார், மற்றவர்களும் கையில் இருந்ததைத் தந்தார்கள். அன்று இரவு அரங்கின் ஓரத்தில் ஆலிவர் வந்து நின்றார். அடகிலிருந்து மீட்டதா என்னவோ, பழைய நாள் போலவே நல்ல சூட்டும் தொப்பியும் அணிந்து, பளபளவென்று. அந்தத் தோற்றத்தை ஆம்ஸ்ட்ராங் பிற்காலத்தில் பலமுறை மகிழ்ச்சியோடு சொல்லியிருக்கிறார்.

பிறகு ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தில் வேலை. காலை 9 மணிக்குத் திறந்து நள்ளிரவு 12க்குப் பூட்டவேண்டும். நியூயார்க்கில் இருந்த அக்காவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் மிஞ்சியிருக்கின்றன. வேலை நேரத்தில் கால்வாசி அளவுக்காவது கூலி இருந்தால் கவலையில்லை என்று எழுதுகிறார், ஆனாலும் கிடைத்ததற்குக் கடவுளுக்கு நன்றி சொல்கிறார். ரத்தக் கொதிப்புக்கு வைத்தியம் பார்க்கப் பணமில்லை. அக்காவிடம் வந்து சேர ரயில் செலவுக்காக உண்டியலில் சில்லறை சேர்க்கிறார், சேர்ந்திருப்பது 1 டாலர் 60 சென்ட். கடிதத்தில் யாரையும் திட்டவில்லை. ஆம்ஸ்ட்ராங்கையோ எலிங்டனையோ பற்றிக் கசப்பாக ஒரு சொல் இல்லை.

1938 ஏப்ரலில் ஆலிவர் சவானாவில் இறந்தார். அக்கா வீட்டு வாடகைக்கு வைத்திருந்த பணத்தைப் போட்டு உடலை நியூயார்க்குக்குக் கொண்டுவந்தார். பிராங்க்ஸில் உள்ள உட்லான் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது, ஆம்ஸ்ட்ராங் வந்திருந்தார். கல் வைக்கப் பணமில்லை. 1974இல் டியூக் எலிங்டன் இறந்தபோது அவரையும் கொண்டுவந்து அடக்கம் செய்தது அதே உட்லானில்தான்.